கொப்பரையில் பூசணம் பச்சையாகும் நேரம்

காங்கேயம் பக்கம் கொப்பரைக் களம் வைத்திருப்பவர்களுக்குப் பழகிய காட்சி இது. நாலு நாள் மோடம் போட்டால் ஈரப் பருப்பின் மேல் வெள்ளையாகப் படரும். பிறகு பார்த்தால் அதே இடம் மஞ்சள் கலந்த பச்சை. வேறு பூசணம் வந்துவிட்டது என்று நினைப்பார்கள். பெரும்பாலும் அதே ஆள்தான்: ஆஸ்பர்ஜில்லஸ் ஃப்ளேவஸ்.

வெள்ளை, தின்று வளரும் இழை. பச்சை, அது விட்ட வித்து. லென்ஸ் வைத்துப் பாருங்கள். இழையிலிருந்து ஒரு காம்பு நிமிர்கிறது. நுனி உருண்டையாக உப்புகிறது. அதைச் சுற்றிக் குப்பி குப்பியாகச் செல்கள். ஒவ்வொன்றின் வாயிலிருந்தும் பாசிமணி கோத்ததுபோல வித்துச் சரம். விரல் பட்டாலே தூளாகப் பறக்கும்.

வளர்ந்துகொண்டிருந்தது ஏன் திடீரென வித்து விட வேண்டும்? இதன் பங்காளியான ஆஸ்பர்ஜில்லஸ் நிடுலன்ஸை வைத்துத்தான் இதைத் துருவினார்கள். முளைத்த உடனே அதால் வித்து விட முடியாது; ஏறக்குறைய 18 மணி நேரமாவது வளர்ந்து பக்குவப்பட வேண்டும். அதன்பின் காற்றுப் பட வேண்டும். திரவத்துக்குள் மூழ்கிக் கிடந்தால் பொதுவாக இழையாகவே வளரும். 'வளர்' என்கிற சமிக்ஞை அடங்கினால்தான் பிஆர்எல்ஏ என்ற மரபணு விழிக்கும். 1988இல் அமெரிக்க ஆய்வாளர்கள் அந்த ஒரு மரபணுவைத் திரவத்துக்குள்ளேயே வலுவில் இயக்கினார்கள். வளர்ச்சி நின்று, இழை நுனியிலேயே வித்து வந்தது! எனக்கு இன்றும் வியப்பூட்டும் சோதனை இது.

நமக்கு முக்கியமானது அடுத்தது: இந்தப் பூசணம் நஞ்சும் சுரக்கும். விஇஏ என்ற புரதம் இருட்டில் உட்கருவுக்குள் சேர்ந்து எல்ஏஇஏ என்ற புரதத்தோடு கைகோக்கிறது. 2008இல் வெளியான கண்டுபிடிப்பு இது. வித்து விடுவதையும் நஞ்சு சுரப்பதையும் இந்தக் கூட்டணிதான் இணைக்கிறது. ஃப்ளேவஸில் விஇஏ மரபணுவை நீக்கினால் அஃப்ளடாக்சின் நஞ்சே உண்டாவதில்லை.

ஆகவே பச்சையைத் துடைத்து, வெயில் காட்டி, செக்குக்கு அனுப்பினால் தீராது. நஞ்சு பருப்புக்குள் இறங்கியிருக்கும். அடுப்புச் சூட்டுக்கும் முழுதாக அழியாது. புண்ணாக்கு வழியாக மாட்டுக்குப் போனால் பாலிலும் வரும். கல்லீரல் புற்றுநோய்க்குக் காரணமான நஞ்சு அது. தேங்காய்ப் பருப்பில் பாதிக்குப் பாதி ஈரம்; அதை 6 சதவீதத்துக்கு இறக்குவதில் தாமதம் வேண்டாம். மழைக்காலத்தில் வெயிலை நம்பாமல் உலர்த்தியில் போடுங்கள். பூத்துப்போன பருப்பைத் தனியே ஒதுக்கிவிடுங்கள், மாட்டுக்கும் வைக்காதீர்கள்.