அரை பேண்டில் கைநழுவும் கனடா

பொறியியல் கலந்தாய்வின் கட்-ஆஃப் பதற்றத்தை அனுபவித்தவர்களுக்குக் கனடாவின் ‘எக்ஸ்பிரஸ் என்ட்ரி’ எளிதில் பிடிபடும். வயது, படிப்பு, வேலை அனுபவம், மொழித்திறன் என ஒவ்வொன்றுக்கும் புள்ளி போட்டு வரிசைப்படுத்தி, மேலே இருப்பவர்களை மட்டும் நிரந்தர வசிப்புரிமைக்கு, அதாவது பி.ஆருக்கு, விண்ணப்பிக்க அழைப்பார்கள். 2015 ஜனவரியில் தொடங்கிய முறை இது. ஆங்கில வழியிலேயே படித்து முதுகலை முடித்தவர் ஆனாலும் மொழித்தேர்வு எழுதித்தான் ஆக வேண்டும்.

மொழித்திறனை அளக்கக் கனடா 12 நிலைகள் வைத்திருக்கிறது. வெளிநாட்டிலிருந்து திறன்மிகு பணியாளர் பிரிவில் விண்ணப்பிக்க 7-ஆம் நிலை போதும். அதாவது, ஐஇஎல்டிஎஸ் ஜெனரல் என்ற ஆங்கிலத் தேர்வில் கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் நான்கிலும் தலா 6 பேண்ட் (மதிப்பெண்). இதைக் குறை சொல்ல மாட்டேன். வாடகை ஒப்பந்தத்தைப் படித்துக் கையெழுத்துப் போடவும், டாக்டரிடம் எங்கே வலி என்று சொல்லவும் இந்த அளவு மொழி வேண்டும்.

ஆனால், 7-ஆம் நிலை வாங்கினால் வரிசையில் நிற்கலாம், அவ்வளவுதான். அழைப்பு வர வேண்டுமானால் 9-ஆம் நிலையை எட்டியாக வேண்டும் என்பதே பலரின் நிலைமை. மணமாகாத ஒருவர், முதுகலைப் பட்டம், வெளிநாட்டில் மூன்றாண்டு அனுபவம் என்று வைத்துக்கொள்வோம். வாசித்தல், எழுதுதல், பேசுதல் மூன்றிலும் 7 பேண்ட்; கேட்டலில் மட்டும் 9-ஆம் நிலைக்கு வேண்டிய 8-க்குப் பதில் 7.5. கேட்டலுக்கு மட்டும் 8 புள்ளி குறையும். அதோடு, நான்கிலும் 9-ஆம் நிலை இருந்தால்தான் படிப்புக்கும் அனுபவத்துக்கும் கூடுதல் புள்ளி முழுதாகக் கிடைக்கும் என்பதால், இரண்டிலும் தலா 25 போய்விடும். ஆக மொத்தம் 58 புள்ளி!

கேட்டல் பகுதியில் 40 கேள்விகள். ஒலிப்பதிவு ஒரே ஒருமுறைதான் ஓடும். எழுத்துப்பிழை இருந்தால் விடை தவறு. பொதுவாக 35 சரியாக இருந்தால் 8 பேண்ட், 34 என்றால் 7.5. ஒரு வார்த்தையின் கடைசியில் ‘எஸ்’ விடுபட்டதற்காக ஒருவரின் கனடா வாய்ப்பே தள்ளிப்போகலாம். திரும்ப எழுதலாம்தான், ஆனால் 30 வயதிலிருந்து ஆண்டுக்கு ஐந்தாறு வயதுப் புள்ளிகளாவது குறைந்துகொண்டே வரும். தேர்வு முடிவும் இரண்டு ஆண்டுகளுக்குத்தான் செல்லும். கனடாவிலேயே நாள் முழுக்க ஆங்கிலத்தில் வேலை பார்ப்பவரையும் மறுபடி தேர்வறைக்கு அனுப்புவது அநியாயம்.

பிரெஞ்சு தெரிந்தால் கதையே வேறு. கனடாவில் வேலை பார்த்தவர்களுக்கான அனுபவப் பிரிவுக்கு 500-க்கு மேல் தேவைப்பட்ட 2025-இல், மார்ச் மாதம் பிரெஞ்சு தெரிந்தவர்களுக்காக நடந்த ஒரு சுற்றில் 379 புள்ளிக்கே அழைப்பு வந்தது. அதற்காக யாரும் அவசரப்பட்டு பிரெஞ்சு வகுப்புக்குப் பணம் கட்டிவிடாதீர்கள். நான்கு திறன்களிலும் 7-ஆம் நிலை பிரெஞ்சு என்பது சில மாதங்களில் வந்துவிடாது.

1983-க்குப் பிறகு அகதிகளாகப் போய் இறங்கிய ஈழத்தமிழர்களிடம் யாரும் பேண்ட் கேட்கவில்லை. போன பிறகுதான் பலர் வேலை பார்த்துக்கொண்டே மொழி கற்றார்கள். ஸ்கார்பரோவில் கடைகளும் கோயில்களும் எழுப்பியவர்கள் அவர்கள். இன்றும் அகதிகளுக்கும், குடும்ப ஸ்பான்சரில் வருபவர்களுக்கும் பி.ஆருக்கு மொழித்தேர்வு கிடையாது. குடியுரிமைக்குக்கூட, 18 முதல் 54 வயது வரை உள்ளவர்களிடம் பேசுதலிலும் கேட்டலிலும் 4-ஆம் நிலைதான் கேட்கிறார்கள். குடிமகனாக வாழ 4 போதும் என்று ஒப்புக்கொள்ளும் அரசு, அரை பேண்டுக்கு 58 புள்ளி பறிப்பதைத் திருத்த வேண்டும்.

அதுவரை, விண்ணப்பிக்க நினைப்பவர்கள் மொத்த பேண்டைப் பார்த்து நிம்மதி அடையாமல் நான்கையும் தனித்தனியே பாருங்கள். அகாடமிக் தேர்வு எழுதிவிடாதீர்கள், ஜெனரல்தான் செல்லும். ஏஜென்ட்டிடம் போகும் முன் கனடா அரசின் இணையதளத்தில் உங்கள் புள்ளியை நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். அதற்குக் கட்டணம் எதுவும் இல்லை.