உங்களுக்குத் தெரியுமா? மேடையேறிய சினிமா மெட்டுகள்

உலகப் புகழ்பெற்ற வயலின் கலைஞர்கள் விரும்பி வாசிக்கும், இசையமைப்பாளர் கோர்ன்கோல்டின் வயலின் கான்செர்ட்டோவில், மூன்று பகுதிகளின் முக்கிய மெட்டுகளும் அவர் ஹாலிவுட் படங்களுக்குப் போட்டவை!

• முதல் பகுதிக்கு ‘அனதர் டான்’ (1937), ‘ஹுவாரெஸ்’ (1939). இரண்டாவதற்கு ‘அந்தோணி அட்வர்ஸ்’ (1936). மூன்றாவதற்கு ‘தி பிரின்ஸ் அண்ட் த பாப்பர்’ (1937). 1947-இல் செயின்ட் லூயிஸ் நகரில் இந்தக் கான்செர்ட்டோவை அரங்கேற்றியவர் வயலின் கலைஞர் யாஷா ஹைஃபெட்ஸ். நியூயார்க் விமர்சகர்களுக்குத்தான் அந்தச் சினிமா வாடை ஒத்துக்கொள்ளவில்லை.

• ‘அந்தோணி அட்வர்ஸ்’ இசைக்கு ஆஸ்கார் கிடைத்தது. மேடையில் விருது வாங்கியவரோ வேறு ஆள்! அன்றைய விதிப்படி அது ஸ்டுடியோ இசைத்துறைத் தலைவர் லியோ ஃபோர்ப்ஸ்டீனுக்குப் போனது.

• படத்தை வெட்டி ஒட்டி முடித்த பிறகு, நொடிக் கணக்குப் பார்த்து இசை எழுதுவதுதான் வழக்கம். ‘அலெக்சாண்டர் நெவ்ஸ்கி’யில் (1938) சில காட்சிகளுக்கு இது தலைகீழ். இசையமைப்பாளர் புரோகோஃபீவ் முதலில் இசையைக் கொடுத்தார். அதற்கேற்பப் படத்தை வெட்டினார் இயக்குநர் ஐசன்ஸ்டைன். மறு ஆண்டே அந்த இசை, பாடகர் குழுவோடு கச்சேரி மேடைக்கு வந்துவிட்டது.

• ‘ஸ்காட் ஆஃப் தி அண்டார்டிக்’ (1948) பட இசையை வாகன் வில்லியம்ஸ் தம் ஏழாவது சிம்பொனியாக வளர்த்தார். 1953-இல் மான்செஸ்டரில் அரங்கேற்றம். வாத்தியங்களுக்கு நடுவே, பனிக்காற்றின் ஊளைக்கென்றே தனியாக ஓர் இயந்திரம்!