புகை போனது, தூசி போகவில்லை

1863இல் பேடிங்டனுக்கும் ஃபாரிங்டனுக்கும் இடையே லண்டனின் முதல் சுரங்க ரயிலை இழுத்தது நீராவி இஞ்சின். குகைக்குள் கந்தகப் புகை மண்டியது. பயணி சற்று நேரம் இருமிவிட்டு மேலேறிப் போனார். டிரைவரும் கரி அள்ளிப் போட்டவரும் நாள் முழுக்க அதையே சுவாசித்தார்கள். கண் எரிந்ததால் எல்லோரும் குரல் கொடுத்தார்கள். 1897இல் அரசு விசாரணைக் குழு அமைத்தது; 1905இல் அந்தப் பாதைக்கு மின்சார ரயில் வந்தது, புகை போனது.

தூசி போகவில்லை. சக்கரமும் தண்டவாளமும் பிரேக்கும் உரச உரச இரும்பு பொடியாக உதிர்கிறது. லண்டன் சுரங்க ரயிலின் விக்டோரியா லைனில் போய் வந்து மூக்கைச் சிந்தினால் கைக்குட்டையில் கறுப்பாக ஒட்டும். அது மூக்கிலேயே தங்கிய பெரிய துகள். சிறியது நுரையீரலின் அடிவரை இறங்கிவிடும். பிளாட்பாரத்திலும் டிக்கெட் கூடத்திலும் டிரைவர் அறையிலும் எடுத்த தூசியை ஆராய்ந்த கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தார், 2022இல் வெளியிட்ட ஆய்வில் மாகெமைட் என்ற இரும்பு ஆக்சைடைக் காட்டினார்கள். துகளின் சராசரி அளவு 10 நானோமீட்டர். தலைமுடியின் தடிமனில் பல ஆயிரத்தில் ஒரு பங்கு. ரயில் கிளப்பும் காற்றில் பழைய தூசியே திரும்பத் திரும்பச் சுற்றுகிறது.

இத்தகைய துகள் செல்லுக்குள் ஆக்சிஜனேற்றச் சேதத்தை உண்டாக்கக்கூடும். குரோமோசோமின் நுனியில் உள்ள டெலோமியர், செல் பிரியும்போதெல்லாம் கொஞ்சம் தேயும். அந்தச் சேதம் தேய்வை வேகப்படுத்தும். மிகவும் தேய்ந்தால் செல் பிரியாது, முதுமை அடைந்துவிடும். மிலான் நகரப் போக்குவரத்துக் காவலர்களுக்கு அலுவலக ஊழியர்களைவிட டெலோமியர் குட்டையாக இருந்ததை 2009 ஆய்வு ஒன்று காட்டியது. அவர்கள் சுவாசித்தது வாகனப் புகை. லண்டன் சுரங்க ரயில் தொழிலாளர்களையும் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து ஆராய வேண்டும்.

என் கவலை அளவுகோலைப் பற்றியது. நுரையீரலுக்குள் போகும் தூசிக்கு பிரிட்டன் வைத்திருக்கும் வரம்பு, 8 மணி நேரச் சராசரியாகக் கன மீட்டருக்கு 4 மில்லிகிராம். நானோ துகள் கோடிக்கணக்கில் இருந்தாலும் எடை சொற்பம்தான். எடையை மட்டும் பார்த்து 'வரம்புக்குள் இருக்கிறது' என்பது போதாது. எண்ணிக்கையையும் பார்க்க வேண்டும். மாகெமைட் காந்தத்தில் ஒட்டும் என்பதால் காந்த வடிகட்டிகளைப் பொருத்தலாம் என்று கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்களே வழி சொல்லியிருக்கிறார்கள்.

கடைசி ரயில் போன பிறகு சுரங்கத்தில் இறங்கிச் சுத்தம் செய்பவர்கள் உங்கள் வீட்டிலும் இருக்கலாம். முகக்கவசம் இல்லாமல் இறங்க விடாதீர்கள். தூசி அளவீட்டின் முடிவைக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். அதைத் தெரிவிப்பது முதலாளியின் சட்டக் கடமை. டாக்டரிடம் போகும்போது என்ன வேலை, எத்தனை வருஷம் என்பதையும் சொல்லட்டும்.