ஜெஞ்சாரோமில் மீனுக்கு வசந்தம் எப்போது?

மார்ச் கடைசியில், மலேசியாவின் சிலாங்கூரில் உள்ள ஜெஞ்சாரோமில் பிற்பகல் மூன்று மணிக்கு மேல் வானம் இருட்டிக்கொண்டு வரும். இரண்டு இடி இடித்துவிட்டுக் கொட்டித் தீர்த்துவிட்டுப் போகும். இப்படி ஒரு வாரம் விடாமல் பெய்தால், ஞாயிற்றுக்கிழமை விடியலில் பந்திங் பக்கத்துச் செம்பனைத் தோட்டங்களின் மண்பாதைகளில் மோட்டார் சைக்கிள்கள் வரிசையாக நிற்கும். ஆளுக்கொரு தூண்டில், வாளியில் உயிர்த்தவளை, இல்லாவிட்டால் சட்டைப்பையில் ரப்பர் தவளை. தோட்டத்துக் கால்வாய்களான பாரிட்டுகளில் ஹாருவான் கடிக்கத் தொடங்கிவிட்டது என்பது அவர்கள் கணக்கு. ஹாருவான் என்றால் நம் விரால்தான்.

ஏறக்குறைய அதே வாரங்களில் கனடாவின் ஒண்டாரியோவிலும் அமெரிக்காவின் மினசோட்டாவிலும் மீன்பிடிப்பவர்கள் ஏரியின் பனிக்கட்டி எப்போது உடையும் என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். அங்கே அதுதான் வசந்தத்தின் தொடக்கம். நமக்கு வசந்தம் கிடையாது. பள்ளிப் பாடப்புத்தகத்தில் படம் பார்த்ததோடு சரி. நிலநடுக்கோட்டிலிருந்து மூன்று டிகிரிகூட விலகாத இந்த ஊரில் மீன் மட்டும் எதைப் பார்த்து நாள் குறிக்கிறது?

வடக்கத்திய ஏரியின் கதையை முதலில் முடித்துக்கொள்வோம். தண்ணீர் ஒரு விசித்திரமான பொருள். 4 டிகிரி செல்சியஸில்தான் அதற்கு அடர்த்தி அதிகம். அதற்குக் கீழே குளிர்ந்தால் மறுபடி இலேசாகிவிடும். அதனால்தான் ஏரி மேற்பரப்பிலிருந்து உறைகிறது. குளிர்காலம் முழுக்க ஏரியின் அடியில் 4 டிகிரி நீரும், பனிக்கூரைக்குக் கீழே அதைவிடக் குளிர்ந்த நீரும் ஒன்றோடொன்று கலக்காமல் கிடக்கும். வசந்தத்தில் பனி உருகி, மேல்நீரும் 4 டிகிரியைத் தொடும்போது ஏரி முழுவதும் ஒரே அடர்த்தியாகிவிடுகிறது. அப்புறம் ஒரு நல்ல காற்று அடித்தால் போதும், மேலும் கீழும் புரண்டு கலந்துவிடும். மாதக்கணக்கில் மூச்சுத் திணறிக்கொண்டிருந்த அடிநீருக்குப் புது ஆக்சிஜன் கிடைக்கிறது.

அதன்பின் எல்லாம் வெப்பமானி சொல்கிறபடி நடக்கும். பனி விலகிய கையோடு, நீரில் மூழ்கிய கரையோரப் புல்லில் பைக் மீன் முட்டையிடும். கொஞ்சம் சூடேறியதும் சரளைக்கல் படுகையில் வால்ஐ மீன். நீர் 15 டிகிரியைத் தாண்டும்போது பாஸ் மீன் கூடு கட்டும். விவரமான தூண்டில்காரர் ஏரியின் வடகரையில் ஆழமில்லாத, கருநிறச் சேற்றுத் தரையுள்ள வளைவுகளைத் தேடிப் போவார். தெற்கிலிருந்து சாய்ந்து விழும் வெயில் அங்கேதான் முதலில் சூடேற்றும். குளிரில் மீனின் உடம்பு மந்தமாக இயங்குவதால் இரையையும் மெதுவாகத்தான் இழுப்பார்.

ஜெஞ்சாரோமுக்கு இந்த வெப்பமானி உதவாது. இங்கே பாரிட் நீர் வருடம் முழுக்க வெதுவெதுப்புதான். மாறுவது மழை. மலேசியத் தீபகற்பத்தின் மேற்குக் கரைக்கு மழை வருடத்தில் இரண்டு முறை உச்சத்துக்குப் போகும்: பருவக்காற்று திசை மாறுகிற ஏப்ரலை ஒட்டி ஒருமுறை, அக்டோபர்-நவம்பரில் இன்னொருமுறை. இடையில் பிப்ரவரியும், ஜூன்-ஜூலையும் வறண்டவை. ஆக, இந்த ஊர் மீனுக்கு ஒன்றல்ல, இரண்டு வசந்தம்.

ஆனால் மழை எப்படி வசந்தமாகிறது என்று புரிய, வறட்சியில் அந்தத் தண்ணீர் இருக்கும் நிலையைப் பார்க்க வேண்டும். 4 டிகிரி நீர் லிட்டருக்கு 13 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கரைத்து வைத்துக்கொள்ளும். 30 டிகிரியில் அது ஏழரைதான். அதுவும் காற்றோடு நன்றாகக் கலந்த சுத்தமான நீருக்கு. தோட்டத்துப் பாரிட் அப்படியா இருக்கிறது? ஓடாத நீர், மட்கும் ஓலை, அடர்ந்த பாசி. பகலில் ஆக்சிஜன் தரும் பாசியே இரவில் அதை எடுத்துக்கொள்ளும். விடியற்காலையில் நீரில் மூச்சுக்கு ஏறக்குறைய ஒன்றுமே மிஞ்சாது. மேலே இருக்கும் காற்றிலோ லிட்டருக்குச் சுமார் 270 மில்லிகிராம். இவ்வளவு வித்தியாசம் இருக்கும்போது, வாயை மேலே தூக்கிக் காற்றைக் குடிக்கக் கற்றுக்கொண்ட மீன்தானே பிழைக்கும்?

இந்தப் பாரிட்டுகளின் பட்டியலே அப்படிப்பட்டதுதான்: ஹாருவான், அதன் பெரிய உறவான தோமான், கெலி, செப்பாட், புயு. எல்லாமே காற்றைச் சுவாசிப்பவை. விராலுக்குச் செவுளுக்கு மேலே ஓர் அறை உண்டு. உள்சுவரெங்கும் இரத்த நாளங்கள். அதில் காற்றை அடைத்துக்கொண்டு கீழே போகும். வளர்ந்த விராலைத் தண்ணீருக்குள்ளேயே அமுக்கி வைத்தால் அது மூழ்கிச் செத்துப்போகும் என்றால் பலர் நம்புவதில்லை. மீன் தண்ணீரில் மூழ்கிச் சாவதா என்று சிரிப்பார்கள். கொஞ்சம் நீர் மட்டும் உள்ள பேசினில், காற்றுப் பம்பு இல்லாமல், பசாரில் ஹாருவான் நாள் முழுக்க உயிரோடு கிடப்பதைப் பார்த்தவர்களுக்கு அது வியப்பாக இருக்காது. பிரசவத்துக்குப் பிறகும் அறுவைக்குப் பிறகும் புண் ஆற ஹாருவான் சூப் கொடுக்கும் பழக்கம் மலாய், சீன, தமிழ் வீடுகள் மூன்றிலும் இருப்பதால், உயிர்மீனுக்கு அங்கே எப்போதும் கிராக்கி.

புயுவைத் தமிழ்நாட்டில் பனையேறிக் கெண்டை என்பார்கள். அது பனை ஏறும் கதையை உலக அறிவியலுக்குக் கொண்டுபோனவர் தரங்கம்பாடியில் இருந்த டேனிஷ் படை லெப்டினன்ட் டால்டோர்ஃப். குளத்தருகே நின்ற பனைமரத்தில், நீரிலிருந்து ஐந்தடி உயரத்தில் இந்த மீன் ஏறிக்கொண்டிருந்ததை 1791-இல் பார்த்ததாக அவர் எழுதினார். லண்டன் லின்னேயன் சங்கம் 1797-இல் அதை வெளியிட்டது. பின்னால் வந்தவர்கள் சந்தேகப்பட்டார்கள். காகமோ பருந்தோ தூக்கிப் போய் மரத்தில் நழுவவிட்ட மீனாக இருக்கலாம் என்றார்கள். பனை ஏறுவதில் வழக்கு முடியவில்லை என்றாலும், மழை இரவில் செவுள் மூடியின் முட்களை ஊன்றி, வாலால் உந்தி, ஈரத்தரையில் குளம் விட்டுக் குளம் போவது உண்மை.

இனி மழைக்கு வருவோம். ஒரு வாரத்து மழையில் பாரிட் நிறைந்து, கரைப்புல் நீருக்குள் போகிறது. நீர் சற்றுக் குளிர்கிறது. அதில் கரைந்த உப்புகள் நீர்த்துப்போகின்றன. நேற்றுவரை தரையாக இருந்த இடமெல்லாம் புழுவும் பூச்சியும் தவளையுமாக இரைத்திடல் ஆகிறது. இந்த மாற்றங்களை மீனின் மூளை சேர்த்து வாசிக்கிறது, மூளையடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி இயக்குநீரை விடுகிறது, முட்டை முதிர்கிறது. இதை வைத்துத்தான் இந்திய விஞ்ஞானிகள் மழையையே ஏமாற்றினார்கள். ஹீராலால் சௌத்ரியும் கே.எச். அலிகுன்ஹியும் 1957 ஜூலை 10 அன்று ஒடிசாவில் பிட்யூட்டரிச் சாற்றை ஊசியில் ஏற்றிக் கெண்டை மீன்களை முட்டையிட வைத்தார்கள். மழை சொல்ல வேண்டியதை ஊசி சொல்லிவிட்டது. இந்தியாவில் அந்த நாள் இன்றும் தேசிய மீன் விவசாயிகள் நாள். இன்றும் பல மீன் பண்ணைகள் இதே வழியைப் பின்பற்றுகின்றன.

புது மழை எல்லாமே நல்லது என்று எண்ண வேண்டாம். ஜெஞ்சாரோம் இருக்கும் கோல லங்காட் மாவட்டத்தின் தாழ்நிலங்கள் ஒரு காலத்தில் கடலோரக் கண்டல் காடாகவும் கரிச்சதுப்பாகவும் இருந்தவை. அந்தக் களிமண்ணில் பைரைட் என்ற இரும்பு சல்ஃபைடு புதைந்திருக்கிறது. நீருக்குள் இருக்கும்வரை அது சாது. தோட்டத்துக்காகப் பாரிட் வெட்டி நீரை வடித்துவிட்டால், வறண்ட மாதங்களில் காற்றுப் பட்டுக் கந்தக அமிலமாகிறது. நீண்ட வறட்சிக்குப் பின் வரும் முதல் பெருமழை அந்த அமிலத்தையும், அது கரைத்துவிட்ட அலுமினியத்தையும், மட்கிய ஓலைச்சாற்றையும் மொத்தமாகப் பாரிட்டில் கழுவி விடும். அலுமினியம் செவுளை அடைக்கும். ஓலைச்சாறு மிச்ச ஆக்சிஜனையும் தின்றுவிடும். மீன்கள் வாயைப் பிளந்து மேலே மிதக்கும். கையாலேயே அள்ளலாம் என்று ஓடுபவர்கள் உண்டு. அனுபவசாலிகள் அன்றைக்குத் தூண்டிலை எடுக்கமாட்டார்கள். நாலைந்து மழை போய் நீர் தெளிந்த பிறகே கிளம்புவார்கள்.

மழைக்கு முன்னால் காற்றழுத்தம் குறைவதை மீன் உணர்ந்து கடிக்கும் என்று ஒரு நம்பிக்கை உலகெங்கும் இருக்கிறது. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. நம் பகுதியில் ஒரு நாளைக்குக் காற்றழுத்தம் ஏறி இறங்குவது மூன்று நான்கு ஹெக்டோபாஸ்கல்தான். மீன் பத்து சென்டிமீட்டர் கீழே இறங்கினாலே பத்து ஹெக்டோபாஸ்கல் கூடிவிடும். மணிக்குப் பலமுறை மேலே வந்து காற்றுக் குடித்துப் போகும் விராலுக்கு அந்த மூன்று நான்கு எந்த மூலைக்கு? மழைமேகம் வந்ததும் வெளிச்சம் குறைகிறது, காற்று அடித்து நீர் சலசலக்கிறது, பூச்சிகள் தாழப் பறக்கின்றன. கடிக்குக் காரணம் அங்கேதான் இருக்க வேண்டும்.

பிடிக்கும் முறையும் இந்த உடலமைப்பிலிருந்தே பிறந்தது. விரால் மூச்சுக்கு மேலே வந்துதான் ஆக வேண்டும். ஆகவே அதன் கண் எப்போதும் நீர்ப்பரப்பின்மேல் இருக்கும். மழைக்குப் பின் கரையெல்லாம் தவளை. எனவே நீருக்குள் இரையை இறக்குவதைவிட, ரப்பர் தவளையைப் புல் ஓரத்தில் வீசிப் பரப்பின்மேலேயே துள்ளவைத்து இழுப்பது பலன் தரும். கொக்கி மேல்நோக்கி இருப்பதால் பாசியில் மாட்டாது. குமிழி விட்ட இடத்தைப் பார்த்து வைத்து, அதற்குச் சற்று அப்பால் வீசுவார்கள். ‘பொளக்’ என்று அடித்ததும் வெட்டி இழுக்கக் கூடாது. வாயில் வாங்கித் திரும்ப அதற்கு ஒரு கணம் கொடுக்க வேண்டும். பழைய தோட்டக்காரர்களுக்கு இந்த வீச்செல்லாம் வேண்டாம்; அவர்கள் வழி தாஜூர். குச்சியைக் கரையில் ஊன்றி, உயிர்த்தவளையைக் கோத்து, இரவு விட்டு விடியலில் போய்ப் பார்ப்பது. ஆக்சிஜன் மிகக் குறைந்து விரால் அடிக்கடி மேலே வரும் நேரமும் அந்த விடியல்தான்.

இதே மண்ணின் இன்னொரு பக்கம், கோல லங்காட் வடக்கு வனக் காப்பகத்தில் மிஞ்சியிருக்கும் கரிச்சதுப்புக் காடு. அங்கே நீர் கறுப்புத் தேநீர் நிறம், அமிலம் மிகுந்தது. இத்தகைய நீரில் எதுவும் வாழாது என்று ஒரு காலத்தில் நினைத்தார்கள். சுமத்ராவின் கரிச்சதுப்பில் 7.9 மில்லிமீட்டரில் முதிர்ச்சியடையும் பெடோசிப்ரிஸ் என்ற மீனைப் பற்றி 2006-இல் அறிவித்தது, அந்த எண்ணம் தவறு என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. முதுகெலும்புள்ள உயிர்களிலேயே மிகச் சிறியவற்றில் அது ஒன்று. கோல லங்காட் காட்டின் பாதிக்கு மேற்பட்ட பகுதியைக் காப்பகப் பட்டியலிலிருந்து நீக்கிய செய்தி 2021 ஆகஸ்டில் வெளியானது. எதிர்ப்புக் கிளம்பியதும் செப்டம்பரிலேயே சிலாங்கூர் அரசு முடிவைத் திரும்பப் பெற்றது.

ஜெஞ்சாரோம் என்றதும் வெளியுலகத்துக்கு நினைவு வருவது மீனல்ல, பிளாஸ்டிக். 2018-இல் சீனா பிளாஸ்டிக் கழிவு இறக்குமதியை நிறுத்தியதும் உரிமமில்லாத மறுசுழற்சித் தொழிற்சாலைகள் இந்த வட்டாரத்தில் முளைத்தன; அதிகாரிகள் பலவற்றை மூடினார்கள். எரித்த புகையைப் பற்றி எல்லோரும் பேசினார்கள். கழுவிய நீர் எந்தப் பாரிட்டில் போய்ச் சேர்ந்தது என்று தூண்டில்காரர் கேட்பதும் நியாயம்தான். தொழிற்சாலை ஓரத்து நீரில் பிடிப்பதைப் பிடித்த இடத்திலேயே விட்டுவிடுவது நல்லது. வீட்டுக்கு, அதுவும் பிள்ளை பெற்றவளுக்கு என்று கொண்டுபோக வேண்டாம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மழை நின்ற சில வாரங்களில் பாரிட்டின் மேற்பரப்பில் சிவந்த குஞ்சுகள் கூட்டமாகச் சுழன்று வரும். சேர்ந்து மேலே வந்து மூச்சு வாங்கும்போது அந்த இடத்தில் மட்டும் தூறல் விழுவதுபோல் இருக்கும். அதன் கீழே விராலோ தோமானோ காவல் நிற்கும். அங்கே எதை வீசினாலும் அடிக்கும். பசியில் அல்ல, குஞ்சைக் காக்க. சிலர் இதற்காகவே குஞ்சுக் கூட்டத்தைத் தேடி அலைகிறார்கள். ஒண்டாரியோவின் ஒப்பினிகான் ஏரியில் பாஸ் மீனை வைத்து இதை ஆராய்ந்திருக்கிறார்கள். காவல் நிற்கும் ஆண்மீனைக் கூட்டிலிருந்து எடுத்த சில நிமிடங்களில் மற்ற மீன்கள் புகுந்து முட்டைகளைத் தின்றன. பிடித்தவர் திருப்பி விட்டாலும், இழப்பு அதிகமென்றால் அது கூட்டையே கைவிட்டது. அங்கே பெரும்பாலான இடங்களில் இனப்பெருக்கக் காலத்தில் பாஸ் பிடிக்க நெடுங்காலமாகத் தடை இருந்துவந்ததற்கு இதுதான் காரணம்.

நம் பாரிட்டுகளுக்கு அப்படி ஒரு காவலை அதிகாரிகளிடம் எதிர்பார்க்க முடியாது. ஒவ்வொரு தோட்டத்துக் கால்வாய்க்கும் ஆள் போட எவராலும் முடியாது. சிவந்த குஞ்சைக் கண்டால் தவளையைச் சுருட்டிக்கொண்டு அடுத்த பாரிட்டுக்குப் போங்கள். கூட வரும் பிள்ளைகளுக்கும் அதைக் காட்டி, ஏன் வீசவில்லை என்று சொல்லிக்கொடுங்கள்.