முதலில் அந்த ஃபேனை நிறுத்துங்கள்!

பொழிச்சலூரில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி பதினோரு மணிக்கு வீட்டுப் பெரியவர் காலமாகிவிட்டார். மகள் தாம்பரத்திலிருந்து வந்துகொண்டிருக்கிறாள். அக்கம்பக்கத்தார் கூடிவிட்டார்கள். புழுக்கம் தாங்காமல் யாரோ ஃபேனை முழு வேகத்தில் சுழல விடுகிறார். மருமகளுக்கு அப்போதுதான் ஞாபகம் வருகிறது: "மாமா கண் தானத்துக்கு எழுதிக் கொடுத்திருந்தாரே!"

அப்படியானால் முதல் வேலை, அந்த ஃபேனை நிறுத்துவதுதான்.

கண் தானம் என்றால் முழுக் கண்ணையும் எடுத்து இன்னொருவருக்கு வைப்பார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். அது இல்லீங்க. பொருத்தப்படுவது கண்ணின் முன்னால் வாட்ச் கண்ணாடி மாதிரி இருக்கும் கார்னியா மட்டும்தான். இதைக் 'கருவிழி' என்கிறோம். ஆனால் இதில் கறுப்பே கிடையாது! தெரியும் நிறம் பின்னால் இருக்கும் ஐரிஸுடையது.

கார்னியாவின் நடுப்பகுதி சுமார் அரை மில்லிமீட்டர் தடிமன்தான். அதற்குள்ளேயே அடுக்கடுக்காகத் திசுக்கள். வெளியே இருப்பது மெல்லிய தோல் போன்ற அடுக்கு. தூசி உரசிக் கீறினாலும் ஓரிரு நாளில் ஆறிவிடும். ஆனால் ஈரம் வேண்டும். உயிரோடு இருக்கும்வரை இமை கண்ணீரைத் தடவிக்கொண்டே இருக்கிறது. இறந்தபின் அந்த வேலை நின்றுவிடும். ஃபேன் காற்று பட்டால் இந்த அடுக்கு காய்ந்துபோகும். அதனால்தான் இமைகளை மூடி, சுத்தமான தண்ணீரில் நனைத்த பஞ்சை மேலே வைக்கச் சொல்கிறார்கள். ஏ.சி. இருந்தால் ஓடட்டும், தப்பில்லை.

நடு அடுக்குதான் பெரும்பகுதி. கொலாஜன் இழைகள் தறியில் பாவு ஓட்டியது போல ஒழுங்காக அடுக்கப்பட்டிருப்பதால்தான் வெளிச்சம் ஊடுருவுகிறது. அதே கொலாஜன் தாறுமாறாகப் பின்னிக் கிடந்தால்? அதுதான் கண்ணின் வெள்ளைப்பகுதி!

உள்பக்கம் ஒரே ஒரு வரிசை செல்கள். பெரியவர்களுக்கு ஒரு சதுர மில்லிமீட்டரில் சுமார் 2,500 இருக்கும். கார்னியாவுக்குள் கசியும் நீரை ஓயாமல் வெளியே இறைப்பது இவற்றின் வேலை. செத்துப்போனால் நம் உடம்பில் மறுபடி முளைக்காது. உயிர் பிரிந்தபின் இவை கொஞ்சம் கொஞ்சமாக மடிய, கார்னியா நீர் கோத்து மங்கலாகிவிடும். 'ஆறு மணி நேரத்துக்குள்' என்ற கணக்கு பெரும்பாலும் இவற்றுக்காகத்தான்.

இன்னொரு அதிசயம், கார்னியாவில் ரத்தக்குழாயே இல்லை. பிராணவாயுவை வெளிக்காற்றிலிருந்தே வாங்கிக்கொள்கிறது. அதனால் சாதாரணமாக ரத்த குரூப் பொருத்தம்கூடப் பார்ப்பதில்லை. சர்க்கரை, பி.பி. உள்ளவர்கள், கண்ணாடி போட்டவர்கள், கண்புரை ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் எல்லோரும் தரலாம். எய்ட்ஸ், மஞ்சள் காமாலைக் கிருமி, வெறிநாய்க்கடி, ரத்தப் புற்றுநோய் போன்றவை இருந்தால் மட்டும் எடுக்கமாட்டார்கள்.

யாருக்குப் போகிறது? நெற்தாள் கண்ணில் கிழித்துப் பூஞ்சைப் புண் வந்து, ஜன்னல் கண்ணாடியில் சுண்ணாம்பு அடித்தாற்போல் தழும்பு விழுந்த ஒரு விவசாயிக்குப் போகலாம். விழித்திரையோ பார்வை நரம்போ கெட்டவர்களுக்கு மட்டும் இது உதவாது.

நம் சென்னை இதில் முன்னோடி. 1819-ல் தொடங்கிய எழும்பூர் கண் மருத்துவமனையில்தான் 1945-ல் இந்தியாவின் முதல் கண் வங்கி வந்தது.

சரி, அந்தப் பொழிச்சலூர் வீட்டுக்கு வருவோம். தலைக்கு இரண்டு தலையணை வைத்து உயர்த்துங்கள். எடுக்கும்போது ரத்தக்கசிவு குறையும். டாக்டரின் இறப்புச் சான்றிதழைத் தயாராக வையுங்கள். கண் வங்கிக்காரர்கள் வீட்டுக்கே வருவார்கள், வேலை இருபது நிமிடம்தான். முகம் விகாரமாகாது. காலையில் சடங்குகள் வழக்கம்போல நடக்கும். பைசா கொடுக்கவும் வேண்டாம், வாங்கவும் கூடாது.

மாமா எழுதிக் கொடுத்திருந்தாலும் வீட்டார் கையெழுத்து வேண்டும். அவர் எழுதித் தராவிட்டாலும் வீட்டார் சம்மதித்தால் போதும். அருகிலுள்ள கண் வங்கியின் போன் நம்பரை இன்றைக்கே விசாரித்து, கேஸ் புக்கிங் நம்பருக்குப் பக்கத்தில் குறித்து வைத்துவிடுங்கள். அந்த ராத்திரியில் தேட முடியாது.