பேரீச்சம்பழத்துக்குப் போக இருந்த டிவி கேம்!

 

மஞ்சள் கேசட் போட்டு விளையாடும் டிவி கேம் பெட்டியைப் பார்த்திருக்கிறீர்களா? ஜப்பானில் நின்டெண்டோ கம்பெனி 1983 ஜூலை 15 அன்று ‘ஃபேமிகாம்’ என்ற பெட்டியை வெளியிட்டது. அதைப் பார்த்துச் செய்த நகல்தான் நம்ம ஊர்ப் பக்கம் வந்தது. என் மாமா சின்ன வயதில் திருவிழாக் காசு சேர்த்து ஒன்று வாங்கியிருந்தார்.

லீவில் அதைப் பரணில் இருந்து எடுத்தேன். சுவிட்சைப் போட்டால் சிவப்பு லைட் மங்கலாக எரிந்தது. படம் வரவில்லை. ஆட்டினால் உள்ளே ஏதோ ‘கலகல’ என்றது. அம்மா, "பழைய இரும்புக்குப் போடு, பேரீச்சம்பழமாவது கிடைக்கும்" என்றார். மாமா முகம் வாடிவிட்டது. அதனால்தான் திறந்து பார்க்கலாம் என்று நினைத்தேன்.

தேவையான பொருட்கள்: ஸ்டார் ஸ்குரூ டிரைவர், அட்டை, மல்டிமீட்டர், சால்டரிங் அயர்ன், ஈயம், 7805 ஐசி. மீட்டரும் அயர்னும் டிவி ரிப்பேர் கடை அண்ணன் தந்தார். கூடவே உட்கார்ந்தும் இருந்தார்.

திறக்கும் முறை: முதலில் அடாப்டரைக் கழற்றிவிட வேண்டும். பெட்டியைக் கவிழ்த்து அடியில் உள்ள ஸ்குரூக்களைக் கழற்ற வேண்டும. அட்டையில் பெட்டியின் படம் வரைந்து, எந்த ஸ்குரூ எந்த இடமோ அங்கேயே குத்தி வைத்தேன். இதனால் ஒன்றுகூடத் தொலையவில்லை. ஆனால் ஒரு தப்பு செய்தேன். மூடியை அவசரமாகத் தூக்கியதில் லைட்டுக்குப் போகும் வயர் அறுந்துவிட்டது! மூடியை மெதுவாகத் தூக்கி, வயர் எங்கெங்கே போகிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

கோளாறு எங்கே? அடாப்டர் தருவது 9 வோல்ட். கேம் சிப்புக்கு வேண்டியது 5 வோல்ட். நடுவில் நின்று குறைத்துக் கொடுப்பதுதான் 7805. பெயரில் உள்ள 05 என்பது 5 வோல்ட்டைக் குறிக்கும். அதற்கு மூன்று கால். எழுத்து நம்மைப் பார்த்து இருந்தால் இடது கால் உள்ளே வரும் மின்சாரம், நடுக்கால் எர்த், வலது கால் வெளியே போவது. மீட்டர் வைத்துப் பார்த்தோம். இடது காலில் 9 வோல்ட் இருந்தது. வலது காலில் 2.8 தான்!

"ஐசி போச்சுண்ணே, மாத்திரலாம்" என்றேன். அண்ணன், "பொறு பாப்பா. அதுக்கு அப்புறம் இருக்கிற ஏதாவது ஷார்ட் ஆனாலும் வோல்ட் குறையும். தனியா கழட்டிப் பாரு" என்றார். ஈயத்தை உருக்கிக் கழற்றி, தனியாக 9 வோல்ட் கொடுத்தோம். அப்போதும் 2.8 தான். இப்போதுதான் குற்றவாளி உறுதி!

ஏன் கெட்டது? குறைக்கும் 4 வோல்ட்டும் வெப்பமாகத்தான் போகும். 0.3 ஆம்பியர் ஓடுகிறது என்று வைத்துக்கொண்டால், 4 × 0.3 = 1.2 வாட். இந்தச் சூட்டை வெளியேற்ற ஐசியை ஒரு அலுமினியத் தகட்டோடு ஸ்குரூ போட்டு இறுக்கியிருப்பார்கள். அந்த ஸ்குரூதான் கழன்று ‘கலகல’ என்றது. தகடு ஒட்டாமல் சூடாகிச் சூடாகியே ஐசி கெட்டிருக்கும் என்றார் அண்ணன்.

புது ஐசியை அதே திசையில் வைத்து ஈயம் பற்றவைத்தோம். தகட்டோடு இறுக்கினோம். அறுந்த வயரையும் ஒட்டினோம். மீட்டரில் 5.0 வந்தது! செலவு பத்து ரூபாய். சாயங்காலம் மாமா வந்து மரியோ விளையாடினார். எந்த இடத்தில் எம்பிக் குதிக்கணும் என்று இன்னும் மறக்கவே இல்லை!

எச்சரிக்கை: அடாப்டரையோ, பழைய குண்டு டிவியையோ ஒருபோதும் திறக்காதீர்கள். பழைய டிவியில் சுவிட்சை அணைத்த பிறகும் உயர் மின்னழுத்தம் தங்கியிருக்கும். பெரியவர்கள் இல்லாமல் அயர்னைத் தொடாதீர்கள். ஈயம் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

முடிவு: கெட்டுப்போனது எல்லாம் குப்பை அல்ல. எது கெட்டது என்று சோதித்துப் பார்த்த பிறகே மாற்ற வேண்டும்.

உங்களுக்கு ஒரு கேள்வி: இதே பெட்டிக்கு 12 வோல்ட் அடாப்டர் போட்டால் எத்தனை வாட் வெப்பம் உண்டாகும்? விடை அடுத்த இதழில்!


– ஒன்பதாம் வகுப்பு மாணவி