மேசைமேல் வைக்கும் டைமிங்

1947 முதல் 1952 வரை அமெரிக்காவில் தயாரான ஃபோர்டு 8என் பெட்ரோல் டிராக்டர் ஒரு தினுசான வண்டி. ஆரம்பகால வண்டிகளில், பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பகிரும் டிஸ்ட்ரிபியூட்டர் எஞ்சினின் முன்முகத்தில், விசிறிக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். கை நுழைவதே பாடு. அதனால் இரண்டு போல்ட்டைக் கழற்றி, வெளியே எடுத்து, மேசைமேல் வைத்தே தீப்பொறி விழும் நேரத்தை, அதாவது டைமிங்கை, சரிசெய்வார்கள். அதனுள் மின்சாரத்தைத் துண்டிக்கும் பாயின்ட்களின் இடைவெளி, ஓர் அங்குலத்தை ஆயிரமாக்கி அதில் 15 பங்கு.

திரும்ப மாட்டும்போது நேரம் பிசகிவிடாதா? பிசகாது. டிஸ்ட்ரிபியூட்டர் தண்டின் நுனி நடுவைவிட்டுச் சற்றே விலகியிருப்பதால் ஒரே வாட்டத்தில்தான் பொருந்தும். பொருந்துமுன் அவசரப்பட்டு போல்ட்டை முறுக்கினால் டிஸ்ட்ரிபியூட்டரின் கூடே உடைந்துபோகும்!

1950-இல் டிஸ்ட்ரிபியூட்டரை எஞ்சினின் பக்கவாட்டுக்கு மாற்றினார்கள். பிறகு எஞ்சின் ஓடும்போதே டைமிங் விளக்கடித்து, ஃப்ளைவீல் குறியைப் பார்க்க முடிந்தது.